பேதுருவுக்கு நித்திரை வராத நாள்

நெஞ்சுக்குள் எஞ்சின் படகு ஓடியது. கையைப் பிடித்து நிறுத்தினால் கால் ஆடியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சகோதரங்களே, குருநகரில் மீன் விற்கும் இந்த ஐம்பத்திரண்டு வயது மடையனை ஆண்டவர் காப்பாற்றிய கதையைக் கேளுங்கள்.

தவக்காலத்தில் எங்கள் பங்கில் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். நான் பேதுரு. தோட்டத்தில் சீடர்கள் தூங்கும் காட்சியில், முதல் வருடம் உண்மையாகவே தூங்கிவிட்டேன். குறட்டை மைக்கில் போனது. பிறகு சந்தையில் ஒரே பகிடி: "பேதுரு அண்ணை, மீனை நிறுத்துத் தந்திட்டுப் படுங்கோ."

அடுத்த வருடம் விடுவேனா? ஒத்திகை நாள். விடியவே மீன் ஏலத்துக்குப் போன களைப்பு. ஒருசந்தி விரதம் என்பதால் வெறுவயிறு. ஜிம்முக்குப் போகும் மச்சானிடம் நித்திரையை விரட்டும் கஃபீன் சேர்த்த பவுடர் இருந்தது. சின்னக் கரண்டியால் ஒன்று என்று பவுடர்ப் பேணியில் எழுதியிருந்தது. நான் மேசைக்கரண்டியால் மூன்று போட்டேன். அதற்கு மேல் இரண்டு எனர்ஜி ட்ரிங்க்.

ஒத்திகையிலேயே வாந்தி, நடுக்கம். மனைவி றீற்றா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"ஐயா, என்ன குடிச்சனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"பிளேன்ரீ, வெறும் தேத்தண்ணி."

"குளிசை, பவுடர் ஏதும்?"

"சீச்சீ, இல்லை."

"உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து தரலாம். வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லையெண்டுறன்!"

ஆண்டவரைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததுபோல மூன்று தரம். சேவல் கூவவில்லை, நெஞ்சில் வயர் பூட்டிய மெசின்தான் கத்தியது. றீற்றா என்னையே பார்த்தாள். "இஞ்சேருங்கோ, உது நாடக வசனமெல்லோ?"

கண்ணை மூடிச் செபித்தேன். இரண்டு மன்றாட்டு. உயிரோடு வீடு போகவேண்டும். பவுடர் கதை ஊருக்குத் தெரியக்கூடாது. இரண்டாவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"டொக்டர், மூண்டு கரண்டி பவுடர் போட்டனான்."

உடனே சேலைன் ஏற்றினார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, அதையும் ஏற்றினார்கள். இதயத்தை மெதுவாக்க மருந்து தந்தார்கள். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் வலிப்பு வந்து இதயமே நின்றிருக்கும் என்றார் டொக்டர். அடுத்த நாள் மத்தியானம்வரை கண் மூடவில்லை. புரண்டேன், எழும்பினேன், செபமாலை மணிகளை உருட்டியபடியே கிடந்தேன். பிறகு நெஞ்சு அடங்கியது. நான் விட்ட குறட்டைக்கு வார்டே எழும்பியதாம்.

ஆண்டவர் முதல் மன்றாட்டைக் கேட்டார். இரண்டாவதை நானே இப்போது உங்கள் முன்னால் உடைத்துவிட்டேன். இப்போது காலையில் ஒரு பிளேன்ரீ, மத்தியானம் நித்திரை. நீங்களும் அவரை நம்புங்கள். நெஞ்சு படபடத்தால் செபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடித்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இந்தத் தவக்காலமும் நான்தான் பேதுரு. தோட்டத்தில் தூங்கினால் எழுப்பாதீர்கள். ஆண்டவருக்கு என்னைத் தெரியும்.