தேவராஜ் மேஸ்திரிக்குத் திருவிருந்து கொடுத்தது யார்?

பேய், ஆவி, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் சார், கம்பியில் கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் என்பதுதான் எனக்குத் தெரிந்த அற்புதம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன், அது வேறு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடுவில் சிரிக்காமல் இருந்தால் போதும்.

எண்பதுகளின் தொடக்கம், சிட்லபாக்கத்தில் தெருத் தெருவாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். என் தம்பி சாலமோன், தேவராஜ் மேஸ்திரியிடம் கிணறு தூர்வாரும் வேலைக்குப் போனான். மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கும்முன் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே நல்ல காற்று இல்லை, ஆளை இறக்கக் கூடாது. அன்றைக்கு மாடம்பாக்கத்தில் இன்னொரு வேலை காத்திருக்கிறது என்று அந்தப் பாவி விளக்கை விட்டுப் பார்க்காமலே என் தம்பியை இறக்கினான். மூச்சு முட்டிச் செத்தான் சார், இருபத்திநாலு வயசு. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் தேவராஜும் எங்கள் சபைதான். மனதில் பகை வைத்துக்கொண்டு திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கக் கூடாது என்பது எங்களிடம் உள்ள வழக்கம். எட்டு வருஷம் நான் வாங்கவில்லை. எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மன்னித்துவிடு என்று போதகர் எத்தனையோ தடவை சொன்னார். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது.

பிறகு அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மூச்சுக்குத் தவிக்கிறான் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு நாள் காலை அவன் மனைவி எஸ்தர் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சபைச் செயலாளர் நான்தான், போன் இருந்ததும் என் வீட்டில்தான். தாம்பரத்தில் இருந்த போதகருக்கு எந்தச் சேதியும் என் வழியாகத்தான் போகும்.

“அண்ணா, அவரு ரொம்ப பயந்துகினு கீறாரு. சாவறதுக்கு முன்னாடி திருவிருந்து வேணும்னு அழுவுறாரு. ஐயாவுக்கு ஒரு போன் போட்டு சொல்லுண்ணா, இன்னிக்கு தாங்க மாட்டாரு.”

“சொல்றேம்மா, நீ போ,” என்றேன்.

சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி உள்ளே எப்படிப் பயந்திருப்பானோ அப்படிப் பயந்துகொண்டே போகட்டும் என்று. மதியம் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டேன். என் மனைவி சாட்சி, வீட்டை விட்டு நான் அசையவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பிப் போனேன், ஆறுதல் சொல்ல அல்ல, அந்தப் பயத்தைக் கண்ணால் பார்க்க. அவனோ தலையணையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான், ஆனால் முகத்தில் துளிக்கூடப் பயம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“வாண்ணா, மறுபடியும் வந்துட்டியா,” என்றான். “பயமெல்லாம் பூட்ச்சுண்ணா. மத்தியானம் கிண்ணத்த நீயே புடிச்சுகினு குடுத்தியே, அது போதும் எனக்கு.”

“நான் எப்படா வந்தேன்?”

என் கையைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடினான். அரை மணி நேரத்தில் உயிர் போய்விட்டது, தூங்குகிற மாதிரி.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டு வருஷம் காத்திருந்தேன், கடைசியில் யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் போதகருக்குச் சாவுச் சேதி சொன்னேன். “காலையிலேர்ந்து செங்கல்பட்டுல ஒரு கல்யாணம், இப்பதான் உள்ள நுழையறேன். அவருக்கு இவ்ளோ முடியலன்னு முன்னாடியே ஏன் சொல்லல?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எஸ்தரிடம் போய், அன்றைக்கு மதியம் யார் வந்தது என்று கேட்டேன்.

“இன்னாண்ணா இப்டி கேக்குற? நீயும் ஐயாவும்தான். ஐயா வெள்ளை அங்கி போட்டுகினு அவரு மேல குனிஞ்சிகினு இருந்தாரு, மூஞ்ச நான் பாக்கல. நீதான் கிண்ணத்தோட நின்னுகினு இருந்த. கொஞ்சம் எளச்சு, வயசு கம்மியா தெரிஞ்ச, அழுத மூஞ்சினு நெனச்சேன்.”

எனக்கும் சாலமோனுக்கும் ஒரே முகஜாடை, தெருவில் பெயரை மாற்றித்தான் கூப்பிடுவார்கள். எஸ்தர் அவனைப் பார்த்ததே இல்லை, அவன் போன பிறகு தேவராஜைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள்.

“நான் ஏதாவது பேசினேனாம்மா?”

“அவரு காதுல சொன்னியே, ‘பயப்படாத மேஸ்திரி, உள்ள காத்து நல்லா வருது, தைரியமா எறங்கு’ன்னு. அத கேட்டப்புறம்தான் அவரு அழுவையே நின்னுச்சு.”

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. தேவராஜை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்துவிட்டுப் போயிருக்கிறான், போகட்டும். ஆனால் அன்றைக்கு மதியம் இரண்டே தெரு தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன் சார். அவன் என்னைப் பார்க்க வரவில்லை.