ஒடீல் மாடுகளை அவிழ்க்கப் போன காலை

அதெல்லாம் கிடையாது. ஒடீல் தீ வைக்கவில்லை. கொட்டகை பற்றுவதற்கு முன்னாலேயே மாடெல்லாம் வெளியே நின்றதே, அது எப்படி என்று கடை வாசலில் நின்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஈரப் புல்லைப் பரணில் அடைத்தது யார் என்று அவர்களில் ஒருத்தராவது கேட்டார்களா?

அடைத்தது அவள் புருஷன் லூசியன். இன்றைக்கு வரைக்கும் அவன் வாயைத் திறப்பதில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது, ரோஷக்காரன். அந்த ஜூன் மாதம் வெர்மான்ட் மலைகளில் வெயில் சேர்ந்தாற்போல் அடிக்கவே இல்லை. அறுத்தால் மழை, விட்டால் புல் முற்றிப்போகும். பக்கத்துப் பண்ணை ஹார்லன் மட்டும் ஒரு நல்ல வெயிலைப் பிடித்து எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில், "என்னப்பா லூசியன், புல்லைக் காயப் போட்டிருக்கியா, டீக்கு ஊறப் போட்டிருக்கியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லூசியனும் சிரித்தான். காது மட்டும் சிவந்துபோனது.

மறுநாள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. வயலில் கிடந்த புல்லில் ஒரு பிடி அள்ளி ஒடீல் முறுக்கிப் பார்த்தாள். ஒடியவில்லை, கயிறு மாதிரி வளைந்தது.

"தண்டு இன்னும் பச்சையா இருக்கு, லூசியன். நனைஞ்சா நனையட்டும். மறுபடி காயவச்சுக்கலாம்."

"நனைஞ்சதைப் பாத்து ஹார்லன் மறுபடி சிரிக்கவா? ஏத்து, பேசாத."

உப்பைத் தூவித் தூவி அடுக்கினார்கள். உப்பு ஈரத்தைக் குடித்துவிடும் என்று அவனுக்கு நம்பிக்கை.

அதற்குப் பிறகு அவள் நிம்மதியாக மூச்சு விடவில்லை. அவள் பிறந்த வீட்டுக் கொட்டகை அப்படித்தான் போனது. யாரும் நெருப்பு கொண்டுபோகவில்லை, புல் தன் சூட்டிலேயே வெந்து பற்றிக்கொண்டது. கட்டுத்தறியில் நின்ற மாடுகள் கத்திய கத்தல் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அதனால் ஒரு நீள இரும்புக் கம்பியைப் புல்லின் நடுவில் செருகி வைத்தாள். பால் கறக்கப் போகும்போதெல்லாம் உருவித் தொட்டுப் பார்ப்பாள். முதலில் வெதுவெதுப்பு. வாரம் போகப் போகச் சூடு. பரணில் புகையிலை வாசம் வந்தது. கூரையின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டியது. கீழே மாடுகள் ஒன்றும் தெரியாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றன. ராத்திரி எது கதவைத் தட்டினாலும் அவளுக்கு அந்தக் கத்தலாகவே கேட்டது.

ஒரு காலை வாசம் மாறிவிட்டது. அடுப்பில் சர்க்கரை கருகுகிற வாசம். கம்பியை உருவியவள் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"கம்பி கையைப் பொசுக்குது, லூசியன். தீயணைப்புக்காரங்களுக்குப் போன் போடு."

அவன் காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "புகை எங்க? தீ எங்க? வண்டி மணியடிச்சுக்கிட்டு வந்து நின்னா ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கும். நானே பிரிச்சுவிட்டுக் காத்தாட விடறேன், ஆறிடும்."

"ஐயோ, பிரிக்காத! காத்து பட்ட நிமிஷமே பத்திக்கும். அவங்க தண்ணியோட வரட்டும், அப்புறம் தொடு."

அவள் போன் பக்கம் போனாள். அவன் எழுந்து குறுக்கே நின்றான்.

"சரி. மாட்டையாவது வெளிய விடறேன்."

"கொட்டுற மழையிலயா? பாக்கறவன் பைத்தியம்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"அவுத்தேன்னா இந்த வீட்டுக்குள்ள திரும்பி வராத, ஒடீல்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும். கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தானைப் போடாமலே கதவைத் திறந்து இறங்கினாள். கொட்டகைக் கூரை முழுக்க மழையில் கருத்துக் கிடந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் உலர்ந்துபோய், மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள்.