படங்கை வெட்டியது யார்

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் புகை வரும், சண்டை வரும், எனக்கு ஒரு நோட்டுக் கொப்பியும் வரும். அங்கே என் வகுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கதை சொல்ல, நான் படம் போட, இருவருமாக ஒரு சித்திரக்கதை செய்துகொண்டிருந்தோம்.

விண்வெளியில் நடக்கும் கப்பல் பந்தயம் அது. இயந்திரம் கிடையாது, சூரிய ஒளியைப் பாயில் பிடித்து ஓட வேண்டும். நான் கடலையே கண்டதில்லை, கப்பல் பாய்க்கு எங்கே போவது? கொழுந்தெடுக்கும்போது அம்மா நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் கெட்டித் துணிப் படங்கைப் பார்த்து வரைந்துவிட்டேன், கயிறு உட்பட.

"என்னடி, நெலாவுல கொழுந்தெடுக்கவா போறாங்க?" என்று சிரித்தாள். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. அதன்பிறகு எங்கள் கதையில் பாய்க்குப் படங்கு என்றே பெயர்.

முதலாவதாக ஓடும் கப்பலின் தலைவி ஒரு பெண். அவளை என் சிநேகிதியைப் பார்த்தே வரைந்திருந்தேன். நடுவழியில் யாரோ அவளுடைய படங்கை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை வரைந்தது சாதாரண தரப் பரீட்சை முடிந்த வாரம். கத்தியும் கையும் மட்டும் தெரிந்தால் போதும், இடது கையாக இருக்கட்டும் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கட்டளை வந்தது.

"வெட்டுனது யாருடி?"

"பொறு. அடுத்த பக்கத்துல சொல்றேன்."

அடுத்த பக்கம் வரவே இல்லை. அவளுக்குப் பின் பிறந்த மூன்று பேர் படிக்க வேண்டியிருந்தது. மறுவாரமே கொழும்பில் துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வட்டகொடை ஸ்டேஷனில் அவளுடைய பெட்டியை ரயிலில் தூக்கி வைத்தவள் நான். அப்போதும் கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதையேதான் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிரைப் பார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆறு வருடமாகிவிட்டது. அங்கேயே கல்யாணமும் ஆகி, தீபாவளிக்குக்கூட அவள் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் பிள்ளையின் படம் அனுப்புவாள், நான் இதயம் போடுவேன். சுவருக்கு மேலிருந்த இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்தாயிற்று. இப்போதும் சாயங்காலமானால் என் கண் அங்கேதான் போகிறது. அவள் குரல் இல்லாமல் எனக்கு அந்த வீடே பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அலுமாரியில் கொப்பி அகப்பட்டது. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"படங்க வெட்டுனது யாருடி?"

அவள் சொன்னாள்: "அவளேதான்டி. கப்பல்காரியே. அவளுக்குப் போகப் புடிக்கல."

கொப்பியைப் புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்தே கப்பல்காரி இடது கையால்தான் சுக்கான் பிடித்திருந்தாள். என் சிநேகிதி இடதுகைக்காரி. வரைந்த எனக்கே இத்தனை வருடமும் அது உறைக்கவில்லை.

"ஸ்டேஷன்லயாவது சொல்லியிருக்கலாமேடி," என்றேன்.

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்ப?"

"பெட்டிய எறக்கியிருப்பேன்."

"அதனாலதான்டி சொல்லல," என்றாள்.