தரகர் பொய்யை விட்ட தவக்காலம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஒரு மனிதரின் கழுத்தை நெரிக்கலாமா என்று யோசித்தேன். தவக்காலத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு வரக்கூடாத யோசனைதான். என்ன செய்ய... வந்துவிட்டது.

அந்த மனிதர் சகாயம். கல்யாணத் தரகர். திண்டுக்கல்லில் எங்கள் கோயில் பங்கில் பாதிப் பேருக்குத் துணை தேடிக் கொடுத்தவர். ஐந்தடி மாப்பிள்ளையை "நல்ல வாட்டசாட்டம்" என்பார். வாய் ஓயாத பெண்ணை "கலகலப்பான பிள்ளை" என்பார். தொழில் அப்படி!

திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் தவக்காலத்தில் நாங்கள் ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். அண்ணன் கறியை விடுவார். அண்ணி சீரியலை விடுவார். நான் இனிப்பை விடுவேன் — ஞாயிறு நீங்கலாக. சகாயம் இந்த வருடம் பொய்யை விட்டிருந்தார்.

அதை எங்களிடம் சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை.

அன்று அண்ணன் மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜெனிட்டா நர்ஸ். இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டாள். அதைக் கேட்டதும் இரண்டு வரன்கள் "சண்டைக்காரப் பொண்ணு" என்று ஒதுங்கிவிட்டன. வயது முப்பத்தொன்று ஆகிறது. அண்ணி ஜெபமாலையும் கையுமாக இருந்தார். இந்த முறை "லீவில் இருக்கிறாள்" என்று சொல்லிவிடலாம் என்று யோசனை கொடுத்த புத்திசாலி யார்? நானேதான்.

மாப்பிள்ளை அருள், ஒட்டன்சத்திரம். காய்கறி மண்டியில் மேனேஜர் என்று பயோடேட்டா சொன்னது. அம்மாவோடு வந்திருந்தார்.

"ஏனுங்க, பொண்ணு லீவுல இருக்குதுங்களா?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

அண்ணி தலையாட்டுவதற்குள் சகாயம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"லீவு இல்லம்மா. வேலைய விட்டுருச்சு. சண்டை."

அண்ணனுக்கு இருமல் வந்தது. நான் பாய்ந்து போய்க் கேசரித் தட்டை நீட்டினேன். "சாப்பிடுங்க சகாயம்!"

"இருக்கட்டும்க்கா. ஈஸ்டர் வரைக்கும் பொய் சொல்ல மாட்டேன்னு சாமியார்ட்ட வாக்குக் குடுத்துட்டேன். கேக்காட்டி நானா சொல்ல மாட்டேன். கேட்டுட்டாங்கள்ல?"

"என்ன சண்டைங்க?" என்றார் அந்த அம்மா.

அண்ணி கண்ணைக் காட்டினார். ஜெனிட்டா பார்க்காதது போல நிமிர்ந்தாள்.

"ராத்திரி டியூட்டில எல்லா பேஷண்ட்டுக்கும் பி.பி. பாக்கணும். நேரமில்லன்னா பாக்காமலே எழுதிருன்னாங்க. மாட்டேன்னுட்டேன். 'நீ என்ன பெரிய கன்னியாஸ்திரியா'ன்னாங்க. 'இல்ல, நர்ஸு'ன்னேன். அப்புறம்... கொஞ்சம் கத்திட்டேன்."

"கொஞ்சமா?" என்றார் சகாயம்.

"நெறையாத்தான்."

முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது வரனும் போச்சு. அண்ணி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்ணு சொல்லிடறனுங்க. நான் மேனேஜர் இல்லீங்க. மண்டியில லோடு வேன் ஓட்டறனுங்க."

"டேய்!" என்றார் அவர் அம்மா.

எல்லோரும் சகாயத்தைப் பார்த்தோம். "பயோடேட்டா திருநீற்றுப் புதனுக்கு முந்தி அடிச்சதுங்க!" என்றார் மனிதர், இரண்டு கையையும் தூக்கி.

அருள் நிறுத்தவில்லை. "எனக்கும் மண்டியில சண்டைதானுங்க. அளவுக்கு மேல மூட்டை ஏத்தச் சொல்லுவாங்க. எதுத்தாப்புல வர்றவனுக்கும் குடும்பம் இருக்குதில்லீங்களா... மாட்டேம்பேன்."

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு சண்டைக்காரங்களையும் ஒரே ஊட்டுல வெச்சுட்டு நான் என்னுங்க பண்றது?" என்று பெருமூச்சு விட்டார். பிறகு என் கையிலிருந்த கேசரித் தட்டை வாங்கிக்கொண்டார்.

அண்ணி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஞாயிறு பூசையில் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் முட்டி போடுகிறோம். திங்கட்கிழமைதானே ஆளைக் காட்டுகிறது? ஒருத்திக்குப் பி.பி. மெஷினில், ஒருவருக்கு லோடு வேனில்... கல்யாணத் தரகரின் வாயிலும் அந்தப் பக்தி வரும் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்தது. போன ஞாயிறு கோயிலில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்து, ஊரறிய அறிவித்தார்கள். வெளியே வந்தபோது சகாயம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க்கா, வாராவாரம் பத்திரிகையில எழுதுறீங்களே... அம்புட்டும் உண்மைதானா?"

"தவக்காலம் முடிஞ்சிருச்சு சகாயம்!" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.