எரியப் போகும் தளபதிக்கு ஒப்பனை

தீக்காயப் பிரிவில் பதினோரு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவளுக்குச் சில கிறுக்குகள் வந்துவிடும். எனக்கும் வந்தன. என் சமையலறைக்குள் நைலான் நைட்டியோடு யாரும் நுழைய முடியாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டாமல் அடுப்புப் பக்கம் போனால் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. ரெகுலேட்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். "உங்கம்மா வூட்லயும் ட்யூட்டி பாக்கறா" என்று என் கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். இப்போது நான் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கிறுக்குகள் மட்டும் மாறவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் ஆண்டு விழாவில் அவளுக்கு நாடகத்தில் இடம் கிடைத்தது. வரலாற்றிலும் கதைகளிலும் வரும் வீரப் பெண்கள் என்று தலைப்பு. எட்டுப் பெண்கள், எட்டு வேஷம். ஒருத்தி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையேறிய ராணி. ஒருத்தி திசையெல்லாம் ஜெயித்துவிட்டுக் கயிலாயத்து வாசலில் வந்து நின்ற பாண்டிய நாட்டு இளவரசி. ஒருத்தி இழந்த சீமையை மீட்டெடுத்த சிவகங்கை ராணி. என் மகள் அந்த ராணியின் பெண் தளபதி.

தமிழ்நாட்டில், புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். வெள்ளைக்காரனின் ஆயுதக் கிடங்கை அழிக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போகிறாள். உடம்பெல்லாம் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, தானே தீ வைத்துக்கொண்டு, கிடங்குக்குள் குதிக்கிறாள். கிடங்கு போகிறது, கோட்டை கிடைக்கிறது. நடந்ததா, ஜனங்கள் பாடிப் பாடி உண்டானதா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

"கடைசி சீன் முழுக்க எனக்குத்தாம்மா" என்றாள் மகள். "அவ்ளோ பேரும் என்னதான் பாப்பாங்க."

என் கணவர் ஒரு சல்யூட் வைத்தார். "நம்ம வூட்ல ஒரு சொல்தா" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம், மாதா கோயிலுக்கு எதிரே, கவசம் போட்ட ஒரு பெண்ணின் வெள்ளைச் சிலை உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் போர்க்கன்னி. புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த அன்று வெள்ளை கவுனோடு என்னை அதன் அடியில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவளையும் எரித்தார்கள், எரித்துப் பல காலம் கழித்துப் புனிதையாக்கினார்கள் என்று ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி சொன்னார். அன்றைக்கு அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வேலைக்குப் போன பிறகு வந்தது. நாம் மறக்காமல் வைத்திருக்கும் பெண்களில் இத்தனை பேர் ஏன் எரிந்தார்கள்? வாளெடுத்துச் சண்டை போட்டு, ஜெயித்து, வீட்டுக்கு வந்து சோறு தின்று, வயதாகிச் செத்தவளுக்கு ஏன் அபூர்வமாகத்தான் சிலை வைக்கிறோம்?

நான் பார்த்த எரிந்த பெண்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கதைதான். ஸ்டவ் வெடித்துவிட்டது.

ஸ்டவ் வெடித்தால் நெஞ்சு எரியும், வயிறு எரியும், கை எரியும். உச்சந்தலை எரியாது. தலைமுடி மண்ணெண்ணெயில் ஊறி வரும் பெண்ணைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் புகுந்த வீட்டு ஆட்களை ஏதாவது வேலை சொல்லி வெளியே அனுப்பிவிடுவோம். முட்டை வாங்கி வா, இளநீர் வாங்கி வா. பக்கத்தில் பிறந்த வீட்டு ஆள் ஒருத்தி மட்டும் இருப்பாள். அப்போதுதான் உண்மை வரும்.

யார் பிறந்த வீடு என்று கண்டுபிடிக்கவும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காயத்தில் உறுத்தாமல் விரிக்கப் பழைய வேட்டி கேட்போம். துவைத்துத் துவைத்து நைந்துபோன மெத்தென்ற வேட்டியை எந்தப் பொம்பளை தேடி எடுத்து வருகிறாளோ அவள் பிறந்த வீடு. புகுந்த வீட்டார் கடையில் புதுசு வாங்கி விறைப்பாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். இந்தக் கணக்கு ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஒரு தடவை தப்பியது. இருபத்திமூன்று வயதுப் பெண், இரண்டு சின்னக் குழந்தைகள். கூட இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி வேட்டி கொண்டு வந்தாள், பூ மாதிரி இருந்தது. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி அழவே இல்லை, சுவரோரம் மரம் மாதிரி நின்றாள். அழாதவளை முட்டை வாங்க அனுப்பினேன். ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேட்டில் அந்த விடிகாலை நேரத்தில் கடை திறந்திருக்கவில்லை. அவள் தேடி அலைந்து வாங்கி வர ஒரு மணி நேரம் ஆனது. அவள்தான் கூடப் பிறந்தவள். வேட்டி கொண்டு வந்தவள் புருஷனின் அக்கா.

அந்த ஒரு மணி நேரத்தில் நாத்தனார்க்காரி அந்தப் பெண்ணின் காதில் என்ன ஓதினாளோ, பிள்ளைகளைப் பற்றி என்ன சொன்னாளோ தெரியாது. பிறகு வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டபோதும் அந்தப் பெண் ஒன்றைத்தான் சொன்னாள். "ஸ்டவ்தான் வெடிச்சிடுச்சு." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எரிந்த தோல் காய்ந்து உதட்டை இழுக்கும்போது அப்படி ஆகும், எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள், அந்தச் சிரிப்போடு. நான் வார்டு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தது அதற்கடுத்த வாரம். இதை என் மகளிடம் நான் சொன்னதே இல்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஒத்திகை தொடங்கியது. ஒரு நாள் தலை வாரிவிடும்போது கேட்டாள். "ம்மா, எரியறப்ப கத்துவாங்களா?"

"எல்லாரும் கத்துவாங்க."

"கத்தக் கூடாதாம். மிஸ் சொன்னாங்க. அவங்க தளபதியாம், சிரிச்சிக்கினே போவாங்களாம்."

"உங்க மிஸ்ஸ ஒரு நாளு எங்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு" என்று சீப்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பைப் பழக ஆரம்பித்தாள். பல் தெரியாத சிரிப்பு. முதல் நாள் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் நான் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரும் வரைக்கும் அப்படியே நின்றது. கண் இமைக்காமல் இருக்கவும் பழகினாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அந்த முகம் வரும், போகும். என் கணவருக்கு அது தெரியவில்லை. எனக்கு மட்டும் சோறு இறங்காது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும். காலை ட்யூட்டி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை, டிவி இல்லை. கூடத்தின் நடுவில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். முகம், கழுத்து, கை, கால் எல்லாம் தேங்காயெண்ணெய். ஜன்னல் வெளிச்சத்தில் மினுமினுத்தாள். கண் திறந்திருந்தது. அந்தச் சிரிப்பு இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். எண்ணெய்க் காலடிகள் அவள் நின்ற இடத்திலிருந்து சமையலறைக்குள் போயிருந்தன. பின்னாலேயே போனேன். அடுப்புக்கு நேர் எதிரே இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. அங்கே ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள், எண்ணெய் தேங்கியிருந்தது. பிறகு காலடிகள் திரும்பியிருந்தன. ரெகுலேட்டர் மூடித்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"கூப்ட்டா பதில் சொல்ல மாட்டியா?"

"என்னத்தான் கூப்டறன்னு தெரிலம்மா" என்றாள்.

"அடுப்பாண்ட எதுக்குப் போன?"

"எவ்ளோ தூரம்னு பாத்தேன்."

அவளைக் குளியலறைக்கு இழுத்துப் போய் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவக்கிற அளவுக்குத் தேய்த்தேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. இந்த நாடகம் முடிந்ததும் வேஷம் கலைந்துவிடும், சரி. வலித்தால் வாய் திறக்காமல் இருக்கப் பழகிவிட்டாளே, அது எப்படிக் கலையும்? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவாள். அங்கே ஏதாவது என்றால் இவளும் சிரித்துக்கொண்டு நிற்பாளா? என் பிள்ளை அப்படி ஆகிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனேன், அவளை நாடகத்திலிருந்து எடுத்துவிடும் முடிவோடு. நாடகத்தைப் பழக்கிய வரலாற்று ஆசிரியை சின்னப் பெண். நல்ல பெண். "மேடம், மத்தப் பொண்ணுங்கள அந்த சீன்ல நிக்க வச்சா களுக்குன்னு சிரிச்சிடறாங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் நிக்கறா. அவ நின்னா எங்க ஸ்டாஃபுக்கே புல்லரிக்குது" என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. நிஜத் தீ எதுவும் கூடாது, ஒப்பனை நான்தான் போடுவேன் என்று இரண்டு நிபந்தனை சொன்னேன். பந்தத்துக்கு பேட்டரி பல்பும் சிவப்பு ஜிகினாத் தாளும் என்றாள். சரியென்று வந்துவிட்டேன்.

விழா அன்று சாயங்காலம் வகுப்பறை ஒன்றில் வைத்து அவளுக்கு ஒப்பனை போட்டேன். எண்ணெய்க்குப் பதில் கிளிசரின். வாடகைக்கு வந்த உடுப்பு சாட்டின். விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். இந்தத் துணி உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று என் புத்தி தானாகச் சொன்னது. வார்டு நெடி மூக்கில் ஏறியது. அங்கே பவுடரும் மல்லிகையும் தவிர வேறு வாசனை எதுவும் இல்லை. கதவோரம் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டேன், உனக்கு ஏதாவது நாறுகிறதா என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். என் கணவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ராணிகள் வந்தார்கள், வாள் சுழற்றினார்கள், போனார்கள். கடைசிக் காட்சி. மேடையின் வலது ஓரத்தில் சிவப்புத் துணி தொங்கியது, அதுதான் ஆயுதக் கிடங்கு. என் மகள் பந்தத்தோடு வந்தாள். பாதி மேடை நடந்தாள். நின்றாள்.

நின்றவள் நகரவில்லை. சிரிப்பு இல்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி முதல் வரிசையைப் பார்த்தாள், ஒவ்வொருவராக. அப்புறம் இரண்டாவது வரிசை. மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "போ, போ" என்று ஆசிரியை திரை மறைவிலிருந்து முணுமுணுப்பது எங்களுக்கே கேட்டது.

பள்ளிக்கூட விழாக்களில் பிள்ளை மேடையில் திணறி நின்றால் கைதட்டுவோம். பாட்டு மறந்தாலும் வசனம் மறந்தாலும் தட்டுவோம். தைரியம் வரட்டும் என்று எல்லாப் பெற்றோரும் செய்வதுதான். பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். பக்கத்திலும் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க ஒரே தாளமாகிவிட்டது. பிள்ளைகள் காலையும் தட்டினார்கள். தரை அதிர்ந்தது. அவள் கண் எங்கள் வரிசைக்கு வந்தது, என் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

திரும்பினாள். சிவப்புத் துணிக்குள் போனாள். விளக்கெல்லாம் சிவப்பாக மாறி, மேளம் இடி இடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பக்கத்துச் சீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தா இப்டிப் பொண்ண பெக்கணும்" என்றாள்.

விழா முடிந்து அதே வகுப்பறையில் பெஞ்சில் உட்கார வைத்துப் பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒப்பனையைக் கலைத்தேன். என் கணவர் வண்டி எடுக்கப் போயிருந்தார்.

"வசனம் மறந்துட்டியா?" என்றேன்.

"அங்க வசனமே கெடயாதும்மா."

"அப்பறம் ஏன் நின்ன?"

"யாராச்சும் போவாதன்னு சொல்வாங்களான்னு பாத்தேன்" என்றாள். "வேற யாரும் சொல்லலன்னாலும் நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதேடி..."

"நீயும் கை தட்டிக்கினுதாம்மா இருந்த."

என் உள்ளங்கைகளைப் பார்த்தேன். சிவந்திருந்தன. பஞ்சை இன்னொரு தடவை எண்ணெயில் நனைத்து அவள் கன்னத்துக்குக் கொண்டு போனேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள்.