மஞ்சள் சிவந்த வேட்டி

என் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. மற்றவர்களுக்கும் இறங்க விடமாட்டார். மயிலாப்பூரில் அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போன மறுவருஷம், சந்தேகம் ஒரு வேட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது.

என் மைத்துனருக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் கட்டிக்கொண்டு போகப் புது வேட்டி வாங்கி, வழக்கப்படி நுனியில் மஞ்சள் தடவிக் கொடுத்தார்கள். அந்த வாரமே அவர் காய்ச்சலில் படுத்தார். கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து மடிக்கப் போன மாமியார் அலறினார். மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கறை.

"யாரோ ஏதோ வெச்சுட்டாடி! கொழந்தை ஜுரத்துல கெடக்கான், இங்க ரத்தம் நிக்கறது பாரு!"

யாரோ என்றால் வேறு யார்? துணி துவைக்க வருகிறவள்தான். கடலோரக் குப்பத்திலிருந்து வருவாள். புருஷன் கடலோடு போய்விட்டான். இரண்டு பிள்ளைகளுக்கும் எங்கள் வீட்டுச் சம்பளம்தான் கஞ்சி. மறுநாள் காலையில் அவளைக் கொல்லைக் கதவிலேயே நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்றார் மாமியார்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? நீங்க குடுத்த சவுக்காரத்தப் போட்டுத் தோச்சேன். கொழாயில தண்ணி நின்னுபோச்சு, சரியா அலசல. அவ்ளோதாம்மா."

"அலசலேன்னா துணி ரத்தம் கக்குமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கிற கை அது. தட்டில் சிவந்தால் மங்கலம், துணியில் சிவந்தால் செய்வினையா? சவுக்காரமும் சுண்ணாம்பைப் போலத்தான் மஞ்சளைச் சிவக்க வைக்கும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதைச் செய்தே காட்டியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது என் சுபாவம் இல்லை.

எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். கிழிந்த புடவைத் துண்டு ஒன்றில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, மேலே சவுக்காரத்தைத் தேய்த்தேன். சிவந்தது. அதன்மேல் புளித்தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் திரும்பி வந்தது. வேட்டிக் கறையிலும் புளித்தண்ணீர் விட்டேன். அதுவும் மஞ்சளாயிற்று. மாமனார் பேப்பரை இறக்கிவிட்டு, "பேஷ்" என்றார். கொல்லைக் கதவருகில் நின்றபடி அவளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் துணியைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம், "சரி, உள்ள வந்து தோய்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் மைத்துனருக்கு நான் வைத்த கஷாயம் சாக்கடையில் கிடந்தது. சாயங்காலம் அஞ்சறைப்பெட்டி மாமியாரின் அலமாரிக்குள் போய்விட்டது. சமையலறைக்குள் நான் நுழைந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவரும் பின்னால் வருவார். என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "நினைச்சா சிவப்பு, நினைச்சா மஞ்சள்னு பண்றியே, அம்மாவுக்குப் பயமா இருக்காதா? உனக்கு எதுக்கு இந்த வித்தையெல்லாம்?" என்றார். அவர் பி.ஏ. படித்தவர். எனக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

அந்த வீட்டில் ஒருத்தியாவது என்னைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். மைத்துனருக்குக் காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள், மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, துவைக்கிறவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்து கொல்லைக்கு எடுத்துப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். டம்ளருக்குள் குனிந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை மெல்லத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள்.

"வாணாம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்குப் புள்ளைங்க கீது."