இத்தாவில் படித்த கம்ப்யூட்டர் புத்தகம்

சுனாமியில் கடல் வந்து போன பிறகு என் அக்காவான ராத்தா சம்மாந்துறையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். கல்முனைக் கரையோரம் அவள் வாழ்ந்த வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்த அவள் புருஷன், என் மச்சானின் உடல், மையித்து, கடைசிவரை கிடைக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, அவர் மௌத்தாகிவிட்டார் என்று முடிவெடுத்து, ராத்தாவை இத்தா இருக்க வைத்தார்கள். புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும், வெள்ளைச் சேலையோடு, வெளி ஆண்களின் கண்ணில் படாமல், ஒரே அறைக்குள்.

மச்சான் படித்துக்கொண்டிருந்து, கடைசியாக வந்தபோது மறந்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று அந்த அறையில் கிடந்தது. எல்லாவற்றையும் பங்க்ஷன்கள் என்னும் சின்னச் சின்னக் கட்டளைத் துண்டுகளாகவே எழுதும் ஒருவகைப் புரோகிராமிங்கை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தரும் தடித்த புத்தகம். கணக்கில் கெட்டிக்காரியான ராத்தா அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் ஏது? பயிற்சிகளைப் பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் செய்து பார்த்தாள்.

"இத்தாவில இரிக்கிறவ ஓதுறத உட்டுப்போட்டு இதென்னகா வாசிப்பு?" என்று உம்மா கேட்டார்.

"அவர் வந்தா இதப்பத்திக் கதைப்பார் உம்மா. எனக்கும் வெளங்கோணுமே."

உம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். சோறு கொண்டுபோகும் சாக்கில் ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடும் பங்க்ஷன் ஒன்றை எழுதிக் காட்டினாள்.

"இது எப்ப முடியும் ராத்தா?"

"எங்க நிக்கோணும் எண்டு நாமதான் எழுதி வெக்கோணும் புள்ள. இல்லாட்டி போய்க்கிட்டே இரிக்கும்."

சொல்லும்போது சிரித்தாள். ராத்தா சுகமாகிவிட்டாள் என்று உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஒருநாள் பின்னேரம் நான் போனபோது புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இடதுபக்க ஓரமெல்லாம் மச்சானின் பென்சில் எழுத்து, நெருக்க நெருக்கமாக. வலதுபக்க ஓரம் வெறுமையாக இருந்தது. அவள் தாள்களைப் புரட்டினாள். அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் பென்சில் பட்டிருக்கவில்லை.

"கஷ்டமான கணக்கா ராத்தா?"

"ஓம்."

"அப்ப அத உட்டுட்டு அடுத்ததச் செய்யுங்களன்."

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கடல் வந்த நாளிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. உம்மா ஓடிவந்தார். கதவடியில் நின்றபடி, "அழட்டும், அவள உடு" என்றார்.

சில வருஷம் கழித்து, நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு ராத்தா அதே பாடத்தைக் கல்முனையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பிடிக்குள் இருந்தபடியே கழுத்தை நீட்டி பென்சில் படாத அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நாலே நாலு வரிக் கணக்கு. இதற்குப் போயா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன்.